கார்த்திகைக் கூட்டம் கண்மயக்கா?

கார்த்திகை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே கொத்தாகத் தெரியும் ஆறு மீன்களும் உண்மையில் ஒரே குடும்பம். முன்னும் பின்னுமாக வெகுதூரம் விலகியிருப்பவை நம் பார்வைக்கு மட்டும் சேர்ந்து தெரியலாமே என்ற ஐயம் நியாயமானதே. 1767இல் இங்கிலாந்தின் ஜான் மிச்செல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். விண்மீன்கள் தற்செயலாகச் சிதறிக் கிடந்தால், இத்தனை ஒளிமிக்கவை இவ்வளவு நெருங்கி அமைய ஏறத்தாழ 5 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்றார். தொலைநோக்கி இல்லாமலே எட்டக்கூடிய இந்த வாதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பின்னாளில் கிடைத்த சான்று இன்னும் உறுதியானது: இக்கூட்டத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் கிட்டத்தட்ட ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயு மேகத்திலிருந்து பிறந்தவை இவை.

அப்படியானால் புகைப்படங்களில் மெரோப்பி என்னும் மீனைச் சுற்றி நீலமாகப் படர்ந்திருப்பது அந்தப் பிறந்தவீட்டு மேகத்தின் மிச்சம்தானே என்று தோன்றும். அதுதான் இல்லை. அந்தத் தூசு வேறு வேகத்தில், வேறு திசையில் போகிறது. வழியில் எதிர்ப்பட்ட அதற்குள் கூட்டம் இப்போது புகுந்து செல்கிறது, அவ்வளவே. தாய்மேகம் எப்போதோ கலைந்துவிட்டது.