கிள்ளான் காக்கை

தமிழர்க்குக் காக்கை புதிதன்று. விருந்தினர் வருகையை முன்னறிவிக்கும் அப்பறவையைப் பாடிய சிறப்பால் நச்செள்ளையார் 'காக்கைபாடினியார்' என்று பெயர் பெற்றார். எனினும், கிள்ளானில் நாம் காணும் சாம்பல் நிறக் கழுத்துடைய ஊர்க்காக்கை இம்மண்ணுக்கு உரியதன்று என்பதைப் பலர் அறியார்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களைப் புழுக்கள் அரித்தன. அவற்றைத் தின்று ஒழிக்குமென நம்பி, இலங்கையிலிருந்து இக்காக்கைகளைத் தருவித்தனர். பின்னர்க் காப்பி மறைந்து இரப்பர் வந்தது, காக்கையோ மறையவில்லை. பெருகிக் கோலாலம்பூர் வரை பரவியது. நகராண்மைக் கழகத்தார் துப்பாக்கியால் சுட்டும் அது ஒழிந்தபாடில்லை.

காரணம் யாது? கிடைத்த இரையை ஒளிக்காது, இனத்தைக் கூவியழைத்து உண்ணும் காக்கையின் இயல்பை, வள்ளுவர் சுற்றந்தழாலுக்கு எடுத்துக்காட்டினார். பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையின் பின்புறம் ஒரு காக்கை எச்சிலிலையைக் கண்டால் போதும், கூட்டமே திரண்டுவிடும். மேலும், ஊர்க்காக்கை மனிதரை அண்டியே வாழ்வது. நம் குப்பையே அதற்கு விளைநிலம். இரை உள்ளவரை, சுட்டு வீழ்த்தியவற்றின் இடத்தைப் புதிய குஞ்சுகள் நிரப்பிவிடும்.

ஆதலின், துப்பாக்கியினும் வலியது மூடிய குப்பைத்தொட்டியே. அமாவாசையன்று காக்கைக்குச் சோறிடுதல் நம் மரபு. அது உண்டது போக எஞ்சியதை உடனே அகற்றுதல் அறிவுடைமை. வேண்டா விருந்தாளி என்று அதனைச் சினப்போர், அழைத்து வந்தவரும் மனிதர், இன்றளவும் உணவிட்டு வளர்ப்பவரும் மனிதரே என்பதை மறத்தலாகாது.