‘அம்மா, தூக்குங்கோ!’: இரண்டாவது வருமுன் மூத்த பிள்ளையோடு வெளியே போக

மூன்று வயதுப் பிள்ளை வீட்டில், ஆறு மாதம் வயிற்றில். சனிக்கிழமை விடிந்தால் பிள்ளைக்கு வெளியே போக வேணும். உங்களுக்கோ ஒரு மணித்தியாலம் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருக்கும். "உந்த நிலையில ஏன் பிள்ளை ஊர் சுத்திறாய்? வீட்டில இரன்" என்று அம்மா போனில் சொல்லுவா.

அன்பில்தான் சொல்கிறா. ஆனால் அவவின் கணக்கு ஊர்க் கணக்கு. அங்கே முற்றம் இருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், ஒரு சித்தி வந்து மூத்ததை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடுவா. லண்டனில் இரண்டாம் மாடி ஃபிளாட்டில், மழை நாளில், சோபாவிலிருந்து குதிக்கிற பிள்ளையோடு வீட்டில் 'ஓய்வெடுத்து' பார்த்தவர்களுக்குத் தெரியும், சில நாள் வெளியே போவதுதான் ஓய்வு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் மூத்தது ஒரே பிள்ளையாக இருக்கப்போகும் கடைசி மாதங்கள் இவை. இந்த நாட்களில் அது அடிக்கடி கேட்கிற சொல் என்ன என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். "பாப்பா இருக்கு, தூக்கேலாது." "பாப்பா இருக்கு, ஓடேலாது." "பாப்பா இருக்கு, சறுக்கில ஏறேலாது." நாங்கள் காரணம் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். பிள்ளைக்கு அது வேறு மாதிரி விழுகிறது. இன்னும் முகம் காட்டாத ஒருவர் தன்னிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு போவதாக அது கணக்கு வைக்கும்.

ஆகவே இந்த மாதங்களில் எங்கே போவது என்று யோசிக்கும்போது, எந்த இடத்தில் 'இல்லை' என்று குறைவாகச் சொல்ல வேண்டிவரும் என்று முதலில் கேளுங்கள். நல்ல இடமா, புது இடமா என்பதெல்லாம் பிறகு.

தூக்குகிற பிரச்சினை

மூன்று வயதுப் பிள்ளை ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். தமிழ்க் கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பையைவிடப் பாரம், அதோடு கை காலும் உதைக்கும். கர்ப்பத்தில் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. இடுப்பெலும்பு வலி ஐந்து பேரில் ஒருவருக்கு வரை வருகிறது. பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது அதைக் கூட்டிவிடும்.

மிட்வைஃப் கூடாது என்று சொல்லாதவரை எப்போதாவது தூக்குவது குற்றமில்லை. குனிந்து தூக்காமல், முழங்காலை மடித்து இருந்து, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து எழும்ப வேணும். மற்ற நேரங்களில் பாரம் அப்பாவின் தோளுக்குப் போகட்டும், அல்லது தள்ளுவண்டிக்குப் போகட்டும். "மூன்று வயசாச்சு, இனி என்னத்துக்கு வண்டி?" என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு விடுங்கள். இந்த வருடம் அந்த வண்டி உங்களுக்காக.

பிள்ளை கையை நீட்டி "தூக்குங்கோ" என்று நிற்கும்போது பாப்பாவை இழுக்காதீர்கள். "அம்மாவுக்கு முதுகு நோகுது. இதில இருப்பம், மடியில வாங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு வேண்டியது உயரமல்ல, நீங்கள்தான். ஒரு வாங்கில் இருந்து இரண்டு நிமிடம் கட்டிப்பிடித்தால் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க நாலு கேள்வி

ஐந்து நிமிட நடையில் கழிப்பறை உண்டா? நீங்கள் இருந்த இடத்திலிருந்தே பிள்ளை விளையாடுவது முழுக்கத் தெரியுமா? சுற்றி வேலியிட்டு, வாசல் ஒன்றிரண்டோடு நிற்குமா? நடுவில் அலுத்துப் போனால் அரை மணித்தியாலத்தில் வீடு திரும்பலாமா?

மூன்றாவதுதான் முக்கியம். பிள்ளை ஓடினால் உங்களால் பின்னால் ஓட முடியாது. திறந்த வெளியில் முழு நேரமும் "ஓடாதே, நில்லு" என்று கத்த வேண்டிவரும். வேலி இருந்தால் அந்தச் சொல்லே தேவையில்லை.

ரஸல் ஸ்கொயர் பக்கம் உள்ள கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 7 ஏக்கர் விளையாட்டு வெளி, சுற்றிலும் வேலி. பிள்ளையைக் கூட்டிவராத பெரியவரை உள்ளே விடமாட்டார்கள். பெத்னல் கிரீனில் 2023 ஜூலையில் திரும்பத் திறந்த யங் வி அண்ட் ஏ அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது, நுழைவு இலவசம். மழை நாளுக்கு உகந்தது. ஃபாரஸ்ட் ஹில்லில் ஹோர்னிமன் தோட்டமும் இலவசம், அழகானது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து ஏற்றம். ஏழாம் மாதத்தில் அந்த மேட்டை நடந்து ஏறாமல் பஸ்ஸில் போங்கள்.

கடல் பார்க்க ஆசையென்றால் சவுத்எண்ட். அங்கே கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் பாலம் இருக்கிறது, அதன் மேலே ஒரு குட்டி ரயிலும் ஓடுகிறது. பிள்ளைக்கு ரயில் சவாரி, உங்களுக்கு இருக்கை. இருவரும் ஒரே விஷயத்தைச் சந்தோஷமாகச் செய்கிற இடங்கள் இந்த மாதங்களில் அதிகம் கிடைக்காது.

வசந்த காலத்தில் பண்ணைகளுக்குப் போவதில் மட்டும் கவனம். குட்டி ஈனுகிற ஆடுகளையும் புதிதாகப் பிறந்த குட்டிகளையும் கர்ப்பிணிகள் நெருங்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய கிருமிகள் அவற்றிடமிருந்து தொற்றலாம். ஆட்டுக்குட்டி பார்க்கிற நாளை அப்பாவுக்கும் பிள்ளைக்கும் விடுங்கள். திரும்பி வந்ததும் கை கழுவி, உடுப்பும் சப்பாத்தும் மாற்றட்டும்.

இன்னொன்று, நம் வீடுகளில் சகஜமானது: பிள்ளை மிச்சம் வைத்த சோற்றை அம்மா சாப்பிடுவது, பிள்ளையின் கரண்டியாலேயே ருசி பார்ப்பது. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சி.எம்.வி. என்ற வைரஸ் இருக்கலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பத்தில் தொற்றினால் சில வேளை பிறக்கும் பிள்ளையின் கேட்கும் திறனைப் பாதிக்கும். ஆகவே வெளியே போகும்போது உங்களுக்குத் தனி டப்பா, தனிப் போத்தல். நாப்கின் மாற்றிய பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

ரயில், பஸ், கார்

டியூபில் 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், காசு கட்டிய பெரியவரோடு நாலு பேர்வரை இலவசம். நாட்டு ரயில்களில் 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டிக்கெட் தேவையில்லை. செலவைவிடப் படிகள்தான் சிக்கல். டியூப் நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான் படி ஏறாமல் போய்வரலாம். எலிசபெத் லைனில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் அல்லது சரிவுப்பாதை உண்டு. இல்ஃபர்ட், சவுதால், ஈலிங் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

'பேபி ஆன் போர்ட்' பேட்ஜை போக்குவரத்துக் கழகம் இலவசமாகத் தருகிறது. கூச்சப்பட்டு அதைக் கைப்பைக்குள் வைக்காதீர்கள். யாரும் எழும்பாவிட்டால் "இருக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கிறது. தனக்கு வேண்டியதைக் கேட்கலாம் என்று அதுவும் படிக்கட்டும்.

காரில் பெல்ட்டின் கீழ்ப்பட்டி வயிற்றுக்கு அடியில், தொடையோடு சேர்ந்து இருக்க வேணும். மேற்பட்டி மார்புகளுக்கு நடுவே போய் வயிற்றின் பக்கமாக இறங்க வேணும். வயிற்றுக்கு மேலே குறுக்காகப் போடக் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிறுத்தி இறங்கி நடவுங்கள். பிள்ளைக்கும் அது தேவைதான். பிள்ளையைக் கார் சீட்டில் ஏற்றி இறக்குவதுதான் முதுகுக்குப் பெரிய வினை. தானாக ஏறப் பழக்க இதுவே நல்ல காலம். "நீங்களே ஏறுவீங்களா?" என்றால் மூன்று வயது மறுக்காது.

எங்கட விழாக்கள்

உண்மையைச் சொன்னால், தமிழ்க் குடும்பத்தின் சனி ஞாயிறு பாதி ஹோல்களில்தான் போகிறது. கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள். ஆறு மணி என்று அழைப்பிதழில் இருக்கும், சாப்பாடு பத்து மணிக்கு வரும். பிள்ளைக்கும் உங்களுக்கும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெள்ளனவே போய், வாழ்த்திவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு எட்டரைக்குக் கிளம்புங்கள். வயிறு தெரிகிற மாதங்களில் யாரும் கோபிக்க மாட்டார்கள். இந்தச் சலுகையைத் தாராளமாகப் பாவியுங்கள்.

ஓகஸ்டில் ஈலிங் அம்மன் தேர் போன்ற பெருங்கூட்டங்களுக்கும் இதேதான். தேர் புறப்படும் இடத்தில் நெரிபட வேண்டாம். ஊர்வலப் பாதையில் நிழலான இடம் பார்த்து, மடக்குக் கதிரை ஒன்றோடு நில்லுங்கள். தேர் உங்களைத் தேடி வரும்.

இந்த இடங்களில் வெயிலையும் கூட்டத்தையும்விடக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. யாராவது ஒரு மாமி குனிந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "தம்பிப் பாப்பா வரப்போறார், இனி உங்களுக்குச் செல்லம் இல்லை, என்ன?" என்று பகிடி விடுவா. அவவுக்கு அது பகிடி. பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுவரும். மாமியோடு சண்டை தேவையில்லை. பிள்ளை கேட்கிற மாதிரி, சிரித்தபடி, அந்த இடத்திலேயே பதில் சொல்லுங்கள்: "எங்கட வீட்டில செல்லம் ரெண்டு பேருக்கும் காணும், மாமி."

ஊருக்குப் போவதென்றால்

"இரண்டாவது பிறந்தால் இனி எப்ப போறது, இப்பவே ஒருக்கா போயிட்டு வருவம்" என்று பல வீடுகளில் பேச்சு வரும். போகலாம். நாலாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் போவது பொதுவாகச் சுகம். சத்தி பலருக்கு நின்றிருக்கும், வயிறும் அவ்வளவு பாரமில்லை. 28 வாரத்துக்குப் பிறகு விமான நிறுவனம் மருத்துவரின் அல்லது மிட்வைஃபின் கடிதம் கேட்கலாம். 37 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள், இரட்டை என்றால் 32. போகும் நாளை மட்டும் பார்த்து டிக்கெட் போடாமல், திரும்பி வரும் நாளில் எத்தனை வாரம் என்று எண்ணுங்கள்.

கொழும்புக்கு நேர் விமானம் 11 மணித்தியாலம் அளவில். நடைபாதை ஓர இருக்கை உங்களுக்கு, நடுவில் பிள்ளை, ஜன்னலில் அப்பா. நீண்ட பயணத்தில் காலில் இரத்தம் உறையும் அபாயம் கர்ப்பத்தில் கூடுதல். அடிக்கடி எழும்பி நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள், இறுக்கமான காலுறை வேணுமா என்று மிட்வைஃபிடம் கேளுங்கள். காப்புறுதியில் இரண்டு விஷயம் எழுத்தில் இருக்க வேணும்: கர்ப்பச் சிக்கலுக்கும், அங்கே முன்கூட்டியே பிறந்தால் பிள்ளையின் வைத்தியத்துக்கும் பணம் கட்டுவார்களா? மகப்பேற்றுக் குறிப்புகளைக் கைப்பையில் வையுங்கள்.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் டெங்கு உண்டு, அந்த நுளம்பு பகலிலும் கடிக்கும். தடுப்பூசிகளைப் பற்றிப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே பேசுங்கள். எம்.எம்.ஆர். போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளைக் கர்ப்பத்தில் போட மாட்டார்கள்.

ஊரில் நாளைக்கு மூன்று வீடு என்று சுற்றினால் நீங்களும் களைப்பீர்கள், பிள்ளையும் அழும். ஒரு வீட்டில் தங்கி, "இங்க வாங்கோ, எல்லாரையும் பார்க்கலாம்" என்று சொன்னால் வயதானவர்களைத் தவிர மற்றவர்கள் வருவார்கள். அந்த வயதானவர்களிடம் மட்டும் நீங்கள் போங்கள்.

கடைசி வாரங்கள்

36 வாரத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு எட்டிய தூரத்திலேயே இருங்கள். பக்கத்துப் பூங்கா, நூலகத்தின் கதை நேரம், அம்மம்மா வீடு. இதற்கு முன்போ பின்போ, இரத்தம் பட்டால், நீர் கசிந்தால், கடும் தலையிடி வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோனால், பிள்ளையின் அசைவு குறைந்தால், எந்த விழாவில் நின்றாலும் உடனே மகப்பேற்றுப் பிரிவுக்குப் போன் எடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று வைக்க வேண்டாம்.

இந்த வாரங்களில் செய்யக்கூடிய மிகப் பெரிய 'பயணம்' மூத்ததை அம்மம்மா வீட்டில் ஓர் இரவு விடுவது. பிரசவ நாளில் அதை எப்படியும் அங்கேதான் விடப் போகிறீர்கள். அம்மா இல்லாத முதல் இரவும் பாப்பா பிறக்கிற இரவும் ஒன்றாக வந்துவிட்டால், அந்தக் கணக்கும் பாப்பாவின் பெயரில்தான் ஏறும். இப்போதே ஒரு வெள்ளிக்கிழமை, பிடித்த போர்வையோடும் பொம்மையோடும், சின்னப் பெட்டி ஒன்று கட்டி அனுப்புங்கள். காலையில் நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். அம்மா திரும்பி வருவா என்று அது ஒருமுறை கண்டுவிட்டால், அடுத்த முறை சொல்லி விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

பாப்பா பிறந்த பிறகும் கிழமையில் ஒரு மணித்தியாலம் மூத்ததுக்கென்று ஒதுக்குங்கள். அதே பூங்கா, அதே வாங்கு. முதல் வாரங்களில் அப்பா கூட்டிப் போகட்டும், உடம்பு தேறியதும் நீங்கள். அப்போது பாப்பாவை வீட்டில் யாராவது வைத்திருப்பார்கள், மூத்ததை நீங்கள் திரும்பத் தூக்கலாம்.