கழற்ற வேண்டியிராத காதடைப்பான்

சித்திரையில் தேனிப் பக்கத்து வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாளும் இரவு பகல் பாராமல் நடக்கும். அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வருகிறவர்களுக்கு முன்னால் நையாண்டி மேளமும் உருமியும் முழங்கிக்கொண்டு போகும். சாமி கும்பிட வந்தவர் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். தவில்காரரும் அவருக்குக் காதோரம் நிற்கிற நாயனக்காரரும் அடுத்த சட்டிக்கு வாசிக்கப் போயாக வேண்டும். அது முடிந்தால் கம்பம், சின்னமனூர், போடி என்று ஆடி வரை ஊர் ஊராக இதே பிழைப்பு.

85 டெசிபல் சத்தத்தைக் காது 8 மணி நேரம் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் வகுத்த கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மேளத்துக்கு நடுவே நிற்பவருக்கு 100 எல்லாம் சர்வ சாதாரணம்.

உள்காதில் ஒலியை வாங்குகிற மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உச்ச ஒலிகள். அதனால் ஆளுக்குக் காது கேட்கும், பேச்சுதான் பிடிபடாது. ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல’ என்று ஒருவர் சொன்னால் அது வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். கச்சேரி முடிந்த ராத்திரி காதுக்குள் ‘கொய்ங்’ என்று இரைவதும் இதன் முன்னறிவிப்புதான்.

பஞ்சு வைத்தால் போதாதா என்பார்கள். போதாது, பஞ்சு தடுப்பது சொற்பம். மெடிக்கலில் கிடைக்கிற நுரை அடைப்பான் மலிவு, நன்றாகவே தடுக்கும். ஆனால் கீழ் ஒலியை விட மேல் ஒலியை அதிகமாக விழுங்கிவிடும். நாயனம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், சுருதி சரியாகப் பிடிபடாது. வாசிக்கிறவர் எரிச்சலில் பிடுங்கிப் போடுவார். பாதி நேரம் கழற்றி வைத்தால், எவ்வளவு ஒசத்தியான அடைப்பானும் மொத்தத்தில் 3 டெசிபலுக்கு மேல் காப்பாற்றாது. பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பதைத் தேடி வாங்குவது இங்கே தப்பான புத்தி. அந்த எண்ணும் ஆய்வுக்கூடத்து எண். அதில் 7-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். 33 என்று போட்டிருந்தால் நிஜத்தில் 13 என்று வைத்துக்கொள்ளலாம்.

இசைக்காரருக்கென்றே வடிகட்டி வைத்த அடைப்பான் இருக்கிறது. எட்டிமோட்டிக் நிறுவனம் 1980-களின் கடைசியில் கொண்டுவந்த வகை அது. மேல், கீழ் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கும். மேளம் மேளமாகவே கேட்கும், சத்தம் மட்டும் இறங்கும். 9, 15, 25 டெசிபல் என்று வடிகட்டிகள் உண்டு. தவில், உருமி, பறைக்கு 25, பாடகருக்கும் கீபோர்டுக்கும் 15 என்று தொடங்கிப் பார்க்கலாம். காதின் அச்செடுத்துச் செய்து தருவதற்குச் சில ஆயிரம் ஆகும்; ஆயத்தமாக விற்பவை அதைவிட மலிவு. நாயனக்காரருக்கும் பாடகருக்கும் ஒரு தொந்தரவு உண்டு: காதை அடைத்தால் சொந்தக் குரலும் ஊதலும் மண்டைக்குள் குமுறும். அச்சை ஆழமாக எடுக்கச் சொன்னால் அது பெரும்பாலும் அடங்கும்.

நுரை வகைதான் கைக்கு எட்டுகிறதென்றால் அதையாவது ஒழுங்காகப் போடுங்கள். கை கழுவி, மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பிரயோசனம் இல்லை.

சட்டம் ஊரைக் காக்கிற அளவுக்கு மேளக்காரரைக் காக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியும் கூடாது, வாத்தியமும் கூடாது. அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் விழாக்களுக்கு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம். தொழிற்சாலைக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு உண்டு. தெருவில் வாசிப்பவருக்கு யார் முதலாளி? லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் ஒத்திகையின்போது பித்தளைக் குழல்களுக்கு முன்னால் உட்கார்த்தப்பட்ட வயோலாக் கலைஞர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடருக்குக் காது கெட்டது. காதடைப்பான் கொடுத்திருந்தும் நிறுவனமே பொறுப்பு என்று 2018-இல் தீர்ப்பானது. 2019-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. நம் ஊரில் அப்படிக் கேட்க வாய்ப்புள்ள இடம், 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். பதிவு செய்த கலைஞர்கள் கூட்டாக மனு கொடுத்து, காது பரிசோதனையையும் அடைப்பானையும் உதவியாகக் கேட்கலாம்.

சீசனுக்கு முன் ஒரு தடவை ஆடியோகிராம் எடுத்து வையுங்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேளுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அந்தத் தாள்தான் ஆதாரம். பாதிப்பு 40 சதவீதத்தை எட்டினால் மாற்றுத்திறனாளி சான்றுக்கும் அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால், சளி என்று எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில்தான் நன்றாக எடுபடும், இரண்டு வாரம் போனால் பலன் குறைந்துவிடும்.

அச்சாரம் வாங்கும்போதே பேசிக்கொள்ள ஒன்று உண்டு: ஸ்பீக்கர் பாக்ஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு ஓயும். திறந்த வெளியில் பாக்ஸிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றாலே சுமார் 6 டெசிபல் குறையும், அதுவும் காசில்லாமல்.