சொல்லாமலே செய்த வேலை எது? டேட்டா சயின்ஸ் நேர்முகத் தேர்வுக்கு நம் பிள்ளைகள்

"யாரும் சொல்லாமல் நீங்களே எடுத்துச் செய்த வேலை எது?" டேட்டா சயின்ஸ் நேர்முகத் தேர்வுகளில் வழக்கமாக வரும் கேள்வி இது. நம் பிள்ளைகளில் பலர், டைட்டானிக் பயணிகள் பட்டியலை வைத்து வகுப்பில் செய்த பயிற்சியைச் சொல்வார்கள். அது ஆசிரியர் கொடுத்த வேலை. கேட்பவருக்கும் பழகிப்போன பதில்.

நெல்லித்தோப்பில் இருப்பவருக்கு வீட்டு வாசலிலேயே வேலை இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது? அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் குறித்து, வானிலைத் துறையின் மழை அளவோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பதிலை இப்படி வரிசையாகச் சொல்லட்டும்: ஏன் தொடங்கினேன், எந்தத் தகவல் கிடைக்கவில்லை, அதற்கு என்ன செய்தேன், கடைசியில் என்ன தெரிந்தது. கணிப்பு தவறியிருந்தாலும் மறைக்க வேண்டாம். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

பெற்றோராகிய நாமும் சிபாரிசுக்கு ஆள் தேடுவதற்கு முன், "இந்த வாரம் நீயாக என்ன செய்து பார்த்தாய்?" என்று பிள்ளைகளிடம் கேட்போம்.