ஃபிடேலிஸ்: ஒரே ஞாயிறு, ரெண்டு காலண்டர்

1622 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. இன்றைய கிழக்கு சுவிட்சர்லாந்தில் இருக்கும் பிராட்டிகாவ் பள்ளத்தாக்கு. சேவிஸ் என்ற ஊருக்குப் பிரசங்கம் செய்யப் போன கப்புச்சின் சபைத் துறவி ஃபிடேலிஸை ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்றார்கள்.

ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. ஜெர்மனியின் சிக்மாரிங்கனில் பிறந்து, ஃப்ரைபுர்க்கில் சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஏழைகளுக்காக வாதாடியதால் 'ஏழைகளின் வக்கீல்' என்று பெயர். அந்தத் தொழிலில் நடந்த தில்லுமுல்லு பிடிக்காமல் 1612-ல் துறவியானார்.

இப்படிப்பட்டவரை ஏன் கொல்லணும்? 'மதவெறி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். 1621 கடைசியில் ஆஸ்திரியப் படை உள்ளே புகுந்து, ஆயுதங்களைப் பிடுங்கி, அவர்களுடைய போதகர்களைத் துரத்தியது. கத்தோலிக்கப் பிரசங்கத்தைக் கேட்க வந்தே ஆகணும்னு உத்தரவு வேற. அந்தப் படையின் பாதுகாப்பில்தான் ஃபிடேலிஸ் வருகிறார். துப்பாக்கியும் அங்கியும் ஒரே வழியா வந்தா, ஜனங்க எப்படிப் பிரிச்சுப் பார்ப்பாங்க?

தேதியைக் கவனியுங்க. கத்தோலிக்கர்களின் கிரிகோரியன் காலண்டர்படி ஈஸ்டர் முடிந்து நாலு வாரம் ஆகியிருந்தது. ஊர்க்காரர்கள் விடாமல் வைத்திருந்த பழைய ஜூலியன் காலண்டரில் அன்று ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு! அன்னிக்குத்தான் பள்ளத்தாக்கே கிளர்ந்தது. ஆயுதம் இல்லாததால் தடிகளோடு கிளம்பினார்கள்.

மதம் மாறினால் உயிர் பிழைக்கலாம் என்றபோதும் அவர் மறுத்தார் என்கிறது மரபு. அவருடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1746-ல் ரோம் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. சுவிஸ் வரலாற்றில் அதே ஞாயிறு, பிராட்டிகாவ் கிளர்ச்சியின் முதல் நாள்.