பியூஸ் ஏன் மீண்டும் மீண்டும் போகிறது?



காரின் பின்புறம் எரியும் சிவப்பு பிரேக் விளக்கை வண்டி ஓட்டுகிறவர் காண்பதில்லை. பின்னால் வருகிறவரே காண்கிறார். ஆகவே அது அணைந்து போனாலும் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. மழை கொட்டும் இரவில், முன்னால் போகும் வண்டி நிற்கப் போகிறது என்பதைப் பின்னால் வரும் லோரிக்காரர் அந்த விளக்கைக் கொண்டுதான் அறிகிறார். அது எரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பல சமயங்களில் இதற்குக் காரணம் ஒரு சிறிய பியூஸ். புதியது போட்டால் விளக்கு எரிகிறது. மறுநாளே பியூஸ் மறுபடியும் போய்விடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இன்று பார்ப்போம்.

சாதாரணக் காரின் பேட்டரி 12 வோல்ட். அதன் நேர் முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் முதலில் பியூஸ், பிறகு பிரேக் மிதியருகே உள்ள சுவிட்ச், பிறகு நீண்ட வயர், கடைசியில் பல்பு என்ற வரிசையில் செல்கிறது. அது திரும்பி வருவதற்கு பேட்டரி வரை தனி வயர் கிடையாது. காரின் இரும்பு உடலே திரும்பும் பாதை. பேட்டரியின் எதிர் முனை அந்த உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இதைத்தான் எர்த் என்கிறோம்.

பிரேக் பல்பு ஒன்றுக்கு 21 வாட் என்றால் இரண்டுக்கும் 42 வாட். அதை 12-ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். இது அளவான மின்னோட்டம். வயரின் மேலுறை தேய்ந்து, உள்ளேயிருக்கும் செம்பு இரும்பைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? மின்சாரம் பல்புக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடும். இதுவே ஷார்ட். அந்தக் குறுக்கு வழியின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 0.1-ஆல் வகுத்தால் 120 ஆம்பியர்! மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது விதி. அந்த வெப்பத்தில் வயர் உருகுவதற்கு முன்னால் தான் உருகி வழியை அடைப்பதே பியூஸின் வேலை.

எனவே பியூஸ் போவது நோயன்று, நோயின் அறிகுறி. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும், செம்புக் கம்பியைச் செருகுவதும், 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைப் போடுவதும் காவல்காரனை விரட்டுவதற்குச் சமம். அப்பொழுது உருகுவது பியூஸ் அல்ல. விரிப்புக்கு அடியில் ஓடும் வயர். வண்டி தீப்பற்றுவது இப்படித்தான். தட்டையான பியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். பியூஸ் பெட்டியின் மூடியில் குறித்துள்ள அளவையே போட வேண்டும்.

இனி, பழுதைத் தேடும் முறை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பியூஸை எரிக்க வேண்டியதில்லை. 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் பொருத்தி, இரண்டு வயர் இணைத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணையுங்கள். போன பியூஸை எடுத்துவிட்டு, அது இருந்த இரு முனைகளிலும் சோதனைப் பல்பின் வயர்களைச் செருகுங்கள். ஷார்ட் இருந்தாலும் இந்தப் பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது. ஆகையால் நிதானமாகத் தேடலாம்.

பின்புறத்து பிரேக் பல்புகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணாடியருகே மூன்றாவது விளக்கு இருந்தால் அதன் இணைப்பையும் பிரியுங்கள். சில வண்டிகளில் ஹாரனுக்கும் அதே பியூஸ்தான், அதையும் பிரித்துவிடுங்கள். இப்பொழுது மிதியை அழுத்தாமலே சோதனைப் பல்பு பளிச்சென்று எரிந்தால், பழுது பியூஸுக்கும் சுவிட்சுக்கும் இடையில். ஒருவரை மிதியை அழுத்தச் சொல்லி, அப்பொழுது எரிந்தால், பழுது சுவிட்சைத் தாண்டிய வயரில். அழுத்தியும் எரியாவிட்டால் வயர் நன்றாக இருக்கிறது. கழற்றிய பல்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். நல்ல பல்பானால் அதுவும் சோதனைப் பல்பும் சேர்ந்து மங்கலாக எரியும். சோதனைப் பல்பு மட்டும் பளிச்சென்று எரிந்தால், பொருத்திய அந்தப் பல்பிலேயே ஷார்ட்.

வயரில்தான் பழுது என்றால், மிதியை அழுத்தியபடியே ஒருவர் இருக்க, நீங்கள் வயரின் பாதையைப் பின்பக்கம் வரை தொடர்ந்து, அங்கங்கே மெல்ல அசையுங்கள். சோதனைப் பல்பு எந்த இடத்தில் மினுக்குகிறதோ, அணைகிறதோ, அங்கேதான் பழுது. பின்கதவின் கீல், தகட்டுத் துளை வழியாக வயர் நுழையும் இடம், விளக்கின் அடிப்பகுதி, புதிதாக ஒலிபெருக்கி பொருத்திய திருகாணி ஆகியவற்றை முதலில் பாருங்கள். தோட்டப்புறங்களில் எலி கடித்த வயரும் உண்டு.

இடம் தெரிந்ததும், பேட்டரியின் எதிர் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள வயரை இணைத்து, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். கீல் அருகே ஒட்டுப் போடாமல், அந்தப் பகுதி முழுவதற்கும் புது வயர் போடுவதே மேல். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். வயர் ஏன் தேய்ந்தது என்பதற்குப் பரிகாரம் செய்யாவிட்டால், புது வயருக்கும் அதே கதிதான்.

ஓர் எச்சரிக்கை. மஞ்சள் உறையிட்ட வயர்கள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. சோதனைப் பல்பை அங்கே கொண்டு போகாதீர்கள். கணினி கட்டுப்படுத்தும் பகுதிகளுக்கும் இந்த முறை ஆகாது. மின்சார வண்டிகளிலும் ஹைப்ரிட் வண்டிகளிலும் உள்ள ஆரஞ்சு நிற வயர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உண்டு, தொடவே கூடாது. இவற்றை வயர்மேன் கடையிலோ பயிற்சி பெற்றவரிடமோ விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் சரியான அளவு பியூஸைப் போட்டு, மிதியை அழுத்தி, பின்னால் நின்று பார்க்க ஒருவரைக் கூப்பிடுங்கள். வாரம் ஒருமுறை இப்படிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். வீட்டுப் பிள்ளைகளே இதைச் செய்து சொல்லலாம்.