ஒரு நகரம் கதவு திறக்கும் நாள்



முப்பது வருடங்களுக்கு முன் சுவிசுக்கு வந்த புதிதில், வர்த்தகப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பல கோப்பைகளின் அடியில் 'லாங்கன்தால்' என்று முத்திரை இருந்தது. அது பேர்ண் மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நகரத்தின் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே 1906 இல் தொடங்கிய பீங்கான் தொழிற்சாலையின் முத்திரை அது. உற்பத்தி பின்னர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அதே நகரத்தில் 1987 இல் 'டிசைனர்ஸ் சட்டர்டே' என்ற வடிவமைப்பு விழா ஆரம்பமானது. இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கில் அமைந்த விழா இது. பெயரில் சனிக்கிழமை இருந்தாலும் ஞாயிறும் தொடர்ந்தது.

இதன் ஒழுங்கு எளிது. திரைச்சீலைத் துணி நெய்யும் கிரியேசன் பௌமன், கம்பளம் செய்யும் ருக்ஸ்டூல், பக்கத்து ஊரில் கதிரை செய்யும் கிர்ஸ்பெர்கர் போன்ற நிறுவனங்கள் தம் தொழிற்சாலைகளையே அரங்காகத் திறந்துவிட்டன. இயந்திரங்களுக்கு நடுவில் வடிவமைப்பாளர்கள் துணி, ஒளி, மரம் கொண்டு காட்சிகள் அமைப்பார்கள். விலைப்பட்டியல் நீட்டும் சந்தையல்ல இது. பார்வையாளர்களைப் பேருந்துகள் இடத்துக்கு இடம் ஏற்றிச் செல்லும்.

கணக்காளன் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு பாடம் உண்டு. வாடகை மண்டபத்தை அலங்கரித்தால் அந்தச் செலவு மறுநாள் குப்பைக்குப் போகும். இங்கே ஏற்கனவே இருக்கும் கட்டிடமும் கைத்திறனுமே முதல். கிடைக்கும் வரவு நன்மதிப்பு. ஒரு நிறுவனம் தானே வளர்த்த நன்மதிப்பைக் கணக்கேட்டில் சொத்தாகப் பதிய முடியாது. ஆனாலும் தொழிலைத் தாங்கி நிற்பது அதுதான்.

எங்கள் கலைவிழா ஒன்றுக்குச் சில வருடங்கள் நான் கணக்கு எழுதினேன். மண்டபம், ஒலியமைப்பு, கலைஞரின் விமானச் சீட்டு என்று ஒருமுறை கையைக் கடித்தது. பற்றாக்குறையைப் பிரித்துக் கட்டினோம். அதைவிட, மண்டபத்துக்குள் எங்களைத் தவிர அந்த ஊரார் ஒருவரும் இல்லாததுதான் மனதை உறுத்தியது.

பிறகொரு இலையுதிர் காலத்தில் மகளை லாங்கன்தாலுக்குக் கூட்டிப் போனேன். தறிக்குப் பக்கத்தில் வேலை உடுப்போடு நின்ற தொழிலாளி ஒருவர், நூல் எப்படித் துணியாகிறது என்று பெருமையோடு விளக்கினார். மகள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் வேலை செய்த சமையலறையையும் இப்படிக் காட்டுவினமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. கோப்பை கழுவிய கதையை அதுவரை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

ஆகவே எனது யோசனை இது. அடுத்த விழாவில் மேடைக்குப் பக்கத்தில் மூன்று மேசைகள் போடுவோம். ஒரு சமையற்காரர், ஒரு முதியோர் இல்லப் பணியாளர், ஒரு தையற்காரர் தங்கள் வேலையைச் செய்து காட்டட்டும். அயலவர்களையும் அழைப்போம். மேலதிகச் செலவு மூன்று மேசைகள் மட்டுமே. வரவை ஏட்டில் எழுத முடியாது. பிள்ளைகளின் முகத்தில் பார்க்கலாம்.